ஆன்டிபயாடிக்கோடு சத்து மாத்திரை: எங்கே தப்பு நடக்கிறது

குப்பம், பலமநேர், குடியாத்தம் பக்கம் காய்ச்சல் என்று போனால், ஆன்டிபயாடிக்கோடு ஒரு சத்து மாத்திரையும் சேர்ந்தே வரும். வராவிட்டால் நாமே மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்வோம். வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்? வைட்டமின் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, அதோடு வரும் இரும்பு, ஜிங்க், கால்சியம்தான் வம்பு.

இவை டாக்ஸிசைக்ளின், சிப்ரோ (சிப்ரோஃப்ளாக்சசின்) ஆகிய ஆன்டிபயாடிக்குகளை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகிற மருந்து குறைந்துவிடும். மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் இங்கே வருகிற உண்ணிக்காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின்தான் முக்கிய மருந்து. அதைச் சத்து மாத்திரையோடு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, காய்ச்சல் இறங்கலையே என்று மருந்தைத் திட்டிப் பயனில்லை. சிப்ரோ என்றால் இரும்புக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் கழித்தோ போடவேண்டும். டாக்ஸிசைக்ளினுக்கு இடைவெளி எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆர்.எம்.பி.யிடம் (எம்.பி.பி.எஸ். படிக்காத ஊர் வைத்தியரிடம்) ஏற்றிக்கொள்ளும் அந்த மஞ்சள் குளுக்கோஸ் பாட்டில். மஞ்சள் நிறம் பி2 வைட்டமினுடையது, தெம்பு வருவது தண்ணீராலும் குளுக்கோஸாலும். கிருமி அப்படியேதான் இருக்கும், ஆனால் தெம்பு வந்துவிட்டதே என்று இரண்டு நாள் வீட்டில் படுத்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. அதற்குள் அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளம். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ வேலூரோ சித்தூரோ, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஐ.சி.யூ.வில் கிடக்கிறவருக்கு வைட்டமின் சி ஏற்றச் சொல்லிக் கேட்பதும் வேண்டாம். 2017ல் அமெரிக்காவில் வைட்டமின் சி, ஸ்டீராய்டு, தயமின் சேர்த்துக் கொடுத்த 47 பேரை வைத்து வந்த கட்டுரைதான் அந்த ஆசையைக் கிளப்பியது. 2022ல் வந்த லோவிட் ஆய்வில் 872 செப்சிஸ் (கிருமித்தொற்று முற்றி உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நோயாளிகள். வைட்டமின் சி மட்டும் அதிக அளவில் ஏற்றியவர்களில் 44.5 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது உறுப்புச் செயலிழப்பு நீடித்தது, ஏற்றாதவர்களில் அது 38.5 சதவீதம்தான். போதாக்குறைக்கு, இப்படி ஏற்றும் வைட்டமின் சி சில குளுக்கோமீட்டர்களில் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டால் தாழ்சர்க்கரை.

டிபிக்கு வைட்டமின் டி சேர்த்தால் சளியில் கிருமி சீக்கிரம் போகும் என்பதும், இந்தியாவிலேயே நடந்து 2015ல் வெளியான ஆய்வில் நிற்கவில்லை. ஆனால் ஐசோநியசிட் என்ற டிபி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு எழுதித் தரும் பி6 வேறு விஷயம். அந்த மருந்தால் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதும் வராமல் இருக்கத்தான் அது. சத்து மாத்திரைதானே என்று அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.