ஆய்வுத் தொகுப்பில் ஊர்க்காரர்களை எப்படிச் சேர்ப்பது? மேலூர் கால் புண் உதாரணத்தோடு

ஒரு கேள்விக்கு உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தேடி, தரம் பார்த்து, ஒன்றாகத் திரட்டுவதுதான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. இங்கே ஆய்வுத் தொகுப்பு என்றே சொல்கிறேன். அதன் விடையை வைத்து வேலை பார்க்கப்போகிறவர்களைப் பலரும் எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, அறிக்கையை வாசித்துக் காட்டுகிறார்கள். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதைதான். கேள்வி முடிவாகும் முன்பே அவர்களைக் கூப்பிட வேண்டும்.

உதாரணத்துக்கு, சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் புண் வராமல் தடுப்பதைத் தலைப்பாக எடுத்துக்கொள்வோம். இடம் மேலூர் பக்கம்.

1. ஆள் பிடிப்பது

இந்த விடையால் யார் நாளைக்கு ஒரு காரியத்தை மாற்றிச் செய்வார் என்று யோசியுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், கட்டுப் போடும் நர்ஸ், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர், எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) தைப்பவர், புண் வந்து ஆறியவர்கள், அவர்களைக் கவனித்துக்கொண்ட மனைவியோ மகளோ. எட்டுப் பத்துப் பேர் போதும். நோயாளி ஒருவரை மட்டும் சேர்த்தால் டாக்டர் முன்னால் அவர் வாயே திறக்க மாட்டார். மூன்று பேராவது வேண்டும். செருப்பு விற்கிறவருக்கு இதில் லாபம் உண்டு என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லி, எழுதியும் வையுங்கள்.

2. கூட்டம் போடுவது

நடவு, அறுப்பு நாட்களில் வேண்டாம். சித்திரைத் திருவிழா வாரத்தில் வேண்டவே வேண்டாம். பஸ் காசும் அன்றைய கூலியும் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், டீயில் சர்க்கரை போடாதீர்கள். என் முதல் கூட்டத்தில் நான் கேசரி வாங்கி வைத்தவன்.

3. கேள்வியைத் திருத்துவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘உங்கள் ஆய்வுத் தேவை என்ன?’ என்று கேட்டால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். ‘புண் வந்தப்போ எது உங்களை ரொம்பப் படுத்துச்சு?’ என்று கேளுங்கள். நாம் ரத்தச் சர்க்கரை அளவு, புண்ணின் பரப்பளவு என்று பட்டியல் வைத்திருப்போம். அவர்களோ எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை, விரலை எடுக்க வேண்டி வந்ததா, ஆறிய புண் திரும்ப வந்ததா என்பார்கள். ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, தரையில் பரப்பி, முக்கியமானதை மேலே நகர்த்தச் சொல்லுங்கள்.

இப்படிக் கேட்டதால் ஒரு துறையே மாறியிருக்கிறது. மூட்டுவாத ஆய்வுகளில் எதை அளப்பது என்று முடிவு செய்யும் ஓமெராக்ட் மாநாட்டுக்கு 2002-இல் நோயாளிகளையும் அழைத்தார்கள். வலி, வீக்கம் என்று அளந்துகொண்டிருந்தவர்களிடம், எங்களைச் சாய்ப்பது அசதி என்றார்கள் அவர்கள். அதன் பிறகுதான் அசதியும் அளவுகோல்களில் ஒன்றானது.

நம் ஊரில் வேறு சிக்கல். வெறுங்காலோடு நடக்காதே, வீட்டுக்குள்ளும் செருப்புப் போடு என்கின்றன சர்வதேச வழிகாட்டிகள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “நாத்து நடுறப்போ செருப்பா? அழகரைப் பாக்கப் போறப்பவும் போட்டுக்கிட்டா போவாக?” சிரித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். வீட்டுக்குள்ளும் வயலிலும் கோயிலிலும் வெறுங்காலாக இருப்பவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் வரும்.

4. பதிவு, தேடல்

திருத்திய கேள்வியைப் புரோட்டோகாலாக, அதாவது எதை எப்படித் தேடித் திரட்டப்போகிறோம் என்ற திட்டமாக எழுதி, தேடலுக்கு முன்பே ப்ராஸ்பெரோ என்ற இணையப் பதிவேட்டில் பதியுங்கள், கட்டணம் இல்லை. 2011 முதல் இருக்கிறது. தேடலில் வரும் ஆயிரக்கணக்கான கட்டுரைச் சுருக்கங்களைச் சலிப்பது நம் வேலை. அதையும் ஊர்க்காரர்கள் தலையில் கட்டாதீர்கள்.

5. முடிவைச் சேர்ந்து படிப்பது

எண்கள் வந்ததும் மறுபடி கூடுங்கள். விகிதம், நம்பக இடைவெளி (உண்மையான எண் எதற்கும் எதற்கும் நடுவில் இருக்கலாம் என்ற கணக்கு) எல்லாம் அங்கே எடுபடாது. 100 புளியங்கொட்டையைக் கொட்டி, “இது நூறு பேர். ஒண்ணும் செய்யாட்டி இத்தனை பேருக்குப் புண் வரும், இந்தச் செருப்புப் போட்டா இத்தனை” என்று நகர்த்திக் காட்டுங்கள். ஆய்வுகள் சரியாகச் சொல்லாத இடத்தில் சில கொட்டைகளை நடுவில் விட்டுவிடுங்கள். சந்தேகம் என்பது அப்போது புரியும். நர்ஸ் “இதெல்லாம் ஒத்துவராது” என்றால் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் எண்ணை மாற்றாதீர்கள். எது முக்கியம் என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆய்வில் வந்த எண் யாருக்காகவும் வளையாது.

6. எழுதுவது, திருப்பிக் கொடுப்பது

யார் சொல்லி எது மாறியது, எதை ஏற்கவில்லை, ஏன் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். இதற்கென்றே 2017-இல் கிரிப்-2 என்ற சரிபார்ப்புப் பட்டியல் வந்திருக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தமிழில் ஒரே பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். சர்க்கரை பலருக்குக் கண்ணையும் மங்க வைத்திருக்கும்.