காதலும் ஆபத்தும் ஒரே முடிச்சில்: வாசகரைக் கீழே வைக்கவிடாத நாவலை எழுதுவது எப்படி?

காதலும் சஸ்பென்ஸும் கலந்த நாவலை முதன்முதலாக எழுதுபவர்களின் கைப்பிரதிகளில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படும். கொலை இருக்கும், ரகசியம் இருக்கும், நல்ல காதல் காட்சிகளும் இருக்கும். ஆனாலும் பத்தாவது அத்தியாயத்தில் வாசகருக்குக் கொட்டாவி வந்துவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காதல் காட்சி நடக்கும்போது ஆபத்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. ஆபத்து வரும்போது காதல் ஒதுங்கிக்கொள்கிறது. காதல் ஓர் அடி முன்னே போனால் ஆபத்து கூட வேண்டும். உண்மை ஒன்று வெளிப்பட்டால் காதலுக்கு அடி விழ வேண்டும். அப்படிக் கட்டுவதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

கணக்குக்கு வசதியாக 40,000 சொற்கள், 25 அத்தியாயங்கள், அத்தியாயத்துக்குச் சுமார் 1,600 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நாவல் பெரிதென்றால் இதே விகிதத்தில் நீட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: இரண்டு கேள்விகள், ஒரு முடிச்சு

கதை எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். ஒன்று காதல் கேள்வி: இவர்கள் சேர்வார்களா, சேர விடாமல் தடுப்பது எது? மற்றது ஆபத்துக் கேள்வி: யார் யாரை அழிக்கப் பார்க்கிறார்கள், தப்ப என்ன வழி?

கடைசிவரை பயன்படுத்த ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொள்வோம். நிலா ஒரு கணக்குத் தணிக்கையாளர். அவளுடைய அண்ணன் வேலை பார்த்த கிடங்கு தீப்பிடித்து எரிந்ததில் அவன் இறந்துபோனான். விபத்து என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவள் நம்பவில்லை. கதிர், காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி. மேலிடத்தின் நெருக்குதலுக்குப் பணிந்து, விபத்து என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். இருவரும் பழகத் தொடங்கும்போது நிலாவுக்கு இது தெரியாது.

காதல் கேள்வி: கதிரை நிலா நம்புவாளா? ஆபத்துக் கேள்வி: தீ வைத்தவன் அவளைத் தேடி வருவதற்குள் அவனை அவள் கண்டுபிடிப்பாளா? இரண்டையும் கட்டும் முடிச்சு அந்தக் கையெழுத்து. நிலா உண்மையை நெருங்க நெருங்க, தான் நேசிப்பவனின் குற்றத்தையும் நெருங்குகிறாள்.

முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. காதலை மொத்தமாக எடுத்துவிட்டாலும் மர்மம் அப்படியே ஓடுகிறதா? ஓடினால் உங்களிடம் இருப்பவை இரண்டு நாவல்கள். மேலே போகாதீர்கள், இந்தப் படியிலேயே நின்று சரிசெய்யுங்கள். பின்னால் எந்த ட்விஸ்டாலும் இதை ஈடுகட்ட முடியாது.

இன்னொன்று: முடிச்சில் உள்ள ஓட்டையை வாசகர் கேட்கும் முன் நீங்களே அடைத்துவிட வேண்டும். அறிக்கையில் இருந்த பெயரை நிலா பார்த்திருக்க மாட்டாளா? குடும்பத்துக்கு வந்தது ஒரு பக்கக் கடிதம் மட்டுமே, அதில் எந்த அதிகாரியின் பெயரும் இல்லை என்று 2-ம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்போது அது கதைத் தகவல். 18-ம் அத்தியாயத்தில் சொன்னால் சாக்கு.

படி 2: ஆபத்துக்கு முன் அக்கறை

முதல் பக்கத்திலேயே துரத்தலோடு தொடங்கினால் விறுவிறுப்பு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தி ஓடுகிறாள் என்றால் வாசகர் வேடிக்கைதான் பார்ப்பார். அவளுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று அவர் விரும்பத் தொடங்கிய பிறகுதான் அந்த ஓட்டம் அவரைப் பதற வைக்கும்.

அக்கறையை உண்டாக்க நாயகி நல்லவள் என்று சொன்னால் போதாது. முதல் அத்தியாயத்திலேயே அவள் எதையாவது செய்ய வேண்டும். அதில் அவளுடைய திறமையும் ஓட்டையும் சேர்ந்து தெரிய வேண்டும். நிலா நானூறு வரிக் கணக்கில் ஒரே ஒரு போலி ரசீதைக் கண்டுபிடிக்கிறாள். அதே நாளில் அண்ணனின் பழைய எண்ணுக்கு, பதில் வராது என்று தெரிந்தும், ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறாள். இந்த இரண்டும் போதும். கண்ணீர் விட்டு அழும் காட்சி தேவையில்லை.

முக்கியப் பாத்திரங்கள் இருவருக்கும் மூன்று வரிகள் எழுதி வையுங்கள்: எதை விரும்புகிறார், எதற்குப் பயப்படுகிறார், தன்னைப் பற்றி எந்தத் தவறான முடிவோடு வாழ்கிறார். நிலாவின் தவறான முடிவு, "யாரையும் நம்பாமல் இருந்தால் யாரையும் இழக்க வேண்டியதில்லை." கதிருடையது, "ஒரு முறை கோழையாக இருந்தவன் எப்போதும் கோழைதான்." மூன்றாவது வரிதான் காதலுக்குள்ளே இருக்கும் உண்மையான தடை. வில்லன் வெளியிலிருந்து அழுத்தும் இடமும் இதுவாகவே இருக்கட்டும்.

படி 3: யாருக்கு என்ன தெரியும்?

மொத்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. நாவலின் பதற்றம் சம்பவங்களின் எண்ணிக்கையால் வருவதில்லை. வாசகருக்கு எவ்வளவு தெரியும், பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியும் என்ற இடைவெளியில் பிறக்கிறது.

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஒரு மேசையடி வெடிகுண்டை வைத்து விளக்கினார். இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று குண்டு வெடித்தால் பார்ப்பவருக்கு 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது வெடிக்கும் நேரமும் முன்பே தெரிந்திருந்தால், அதே சாதாரணப் பேச்சு 15 நிமிடப் பதற்றம்.

உங்களிடம் மூன்று நிலைகள் உள்ளன. வாசகருக்குக் குறைவாகத் தெரிந்தால் அவர் ஆர்வத்தோடு தேடுவார். சமமாகத் தெரிந்தால் பாத்திரத்தோடு சேர்ந்து பயப்படுவார். கூடுதலாகத் தெரிந்தால் "போகாதே!" என்று மனசுக்குள் கத்துவார். தொடக்கநிலை எழுத்தாளர்கள் முதல் நிலையிலேயே 25 அத்தியாயங்களையும் ஓட்டப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் கடைசிவரை மறைத்தால் வாசகருக்குப் பற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

மாதிரிக் கதையில் நிலா யார் என்பது கதிருக்கு 5-ம் அத்தியாயத்தில் தெரிகிறது. அறிக்கையில் கையெழுத்துப் போட்டவன் அவன்தான் என்பது வாசகருக்கு 7-ல் தெரிகிறது. நிலாவுக்கு 18-ல். நடுவில் உள்ள பத்து அத்தியாயங்களில் எழுதும் ஒவ்வொரு காதல் காட்சியும் தானாகவே சஸ்பென்ஸ் காட்சியாகிவிடும். அவன் அவளுக்குக் குடை பிடித்தாலும் வாசகர் அந்தக் கையெழுத்தைத்தான் நினைப்பார். ரகசியத்தை 18 வரை வாசகரிடமும் மறைத்திருந்தால் ஓர் அதிர்ச்சி கிடைத்திருக்கும், அந்தப் பத்து அத்தியாயங்கள் வெறும் பழக்கமாகப் போயிருக்கும்.

இதற்கு ஓர் அட்டவணை போடுங்கள். அத்தியாய எண், நாயகிக்குத் தெரிந்தது, நாயகனுக்குத் தெரிந்தது, வில்லனுக்குத் தெரிந்தது, வாசகருக்குத் தெரிந்தது என்று ஐந்து பத்திகள். எந்த அத்தியாயத்திலாவது நான்கு பேரின் கட்டத்திலும் மாற்றமே இல்லையென்றால் அந்த அத்தியாயம் தொய்ந்துவிட்டது என்று பொருள். அதை முந்தையதோடு இணைத்துவிடலாம்.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். 2011-ல் ஜொனதன் லீவிட், நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற ஆய்வாளர்கள் சிறுகதைகளை வைத்துச் செய்த சோதனையில், முடிவை முன்கூட்டியே அறிந்து படித்தவர்கள் கதையைச் சற்று அதிகமாகவே ரசித்தார்கள். காதல் நாவல் வாசகரும் இருவரும் சேர்வார்கள் என்று தெரிந்துதான் புத்தகத்தை எடுக்கிறார். இவ்வளவு நடந்த பிறகு எப்படிச் சேர முடியும் என்பதுதான் அவரைப் பிடித்து வைக்கிறது.

படி 4: ஈர்ப்பைக் கவனிப்பால் காட்டுங்கள்

கண்ணையும் கூந்தலையும் வர்ணித்துக் காதலை நிறுவ முடியாது. ஒருவர் மற்றவரிடம் வேறு யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனிப்பதுதான் ஈர்ப்பு. பதில் தெரியாதபோது நிலா பேனா மூடியை இரண்டு முறை அழுத்துவாள் என்பதைக் கதிர் கவனிக்கிறான். பின்னால் ஒரு கூட்டத்தில் அவள் மூடியை அழுத்தும்போது, அவள் மாட்டிக்கொள்ளும் முன் அவன் பேச்சைத் திருப்புகிறான். இங்கே "காதல்" என்ற சொல்லே வேண்டாம்.

நெருக்கத்தை ஒரே சீராக ஏற்றாதீர்கள். இரண்டு அடி நெருங்கினால் ஓர் அடி விலகட்டும். அந்த விலகலுக்குக் காரணம் படி 2-ல் எழுதிய பயமாக இருக்க வேண்டும். காரணமில்லாத ஊடல் வாசகருக்கு எரிச்சல்தான் தரும். அதைவிட மோசம், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடக்கூடிய தவறான புரிதல். "உட்கார்ந்து பேசினால் முடிந்துவிடுமே" என்று வாசகர் சொல்லும் தடை, தடையே அல்ல.

ஆபத்தும் ஈர்ப்பும் சேரும்போது உடலே உங்களுக்கு உதவும். 1974-ல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரான் என்ற உளவியலாளர்கள் கனடாவில் கபிலானோ தொங்குபாலத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். ஆடும் உயரமான பாலத்தில் ஆண்களைச் சந்தித்த பெண் ஆய்வாளர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் சந்தித்தவர்களே பின்னர் அவரை அதிகம் அழைத்தார்கள். பயத்தில் எழுந்த படபடப்பை மனம் ஈர்ப்பாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களின் விளக்கம். எனவே நெருக்கமான காட்சியை ஆபத்து முடிந்த உடனே வையுங்கள். மூச்சு இன்னும் அடங்கியிருக்கக் கூடாது. மறுநாள் காலைக்குத் தள்ளினால் சூடு ஆறிவிடும்.

படி 5: முக்கியமான நொடியை நீட்டுங்கள்

பதற வைக்க வேண்டிய இடத்தில் வேகமாக ஓடிவிடுவது பொதுவான தவறு. இதைப் பாருங்கள்:

"நிலா பயத்துடன் கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. நிம்மதியாக இருந்தது."

பயம் என்று சொல்லியாகிவிட்டது, ஆனால் யாருக்கும் பயம் வரவில்லை. இப்போது இது:

"பூட்டு திறந்திருந்தது. காலையில் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். கதவைத் தள்ளவில்லை; காதை மட்டும் வைத்தாள். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம். அது நின்றது. அதன் பிறகும் ஏதோ சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர். குளியலறைக் குழாயை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள்."

உணர்ச்சியின் பெயர் போய்விட்டது. அதைத் தரும் பொருள்கள் வந்துவிட்டன. பூட்டு, சத்தம், தண்ணீர் என்று ஒவ்வொரு வாக்கியமும் ஒரு புதுத் தகவலைக் கொண்டுவருகிறது. இப்படி நீட்டுவதை நாவல் முழுக்கச் செய்யாதீர்கள். ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் செய்யுங்கள். பயணம், சாப்பாடு, அலுவலக வேலை எல்லாம் ஒரே வரியில் கடந்துபோகட்டும்.

படி 6: அத்தியாய முடிவும் தடயங்களும்

எல்லா அத்தியாயத்தையும் கத்திமுனையில் நிறுத்தினால் வாசகருக்கு மரத்துப்போகும். மூன்று வகைகளை மாற்றி மாற்றி வையுங்கள்: புது ஆபத்து, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவு, பழைய காட்சியின் பொருளையே மாற்றும் ஒரு தகவல். மூன்றாவது வகை மெதுவானது, ஆனால் நெடுநேரம் நிற்கும். கதவு தட்டப்படுவதில் அத்தியாயத்தை முடித்துவிட்டு, அடுத்ததில் வந்தவர் பால்காரர் என்று சொல்லும் ஏமாற்று மட்டும் வேண்டாம். ஒரு முறை ஏமாந்த வாசகர் அடுத்த முறை பயப்பட மாட்டார்.

முக்கியத் தடயத்தை வெளிப்படும் முன் குறைந்தது இரண்டு முறையாவது காட்டியிருங்கள். மறைக்க எளிய வழி, மூன்று பொருள்களின் பட்டியலில் நடுவில் வைப்பது. இன்னும் நல்ல வழி, உணர்ச்சி ததும்பும் காட்சிக்குள் வைப்பது. கதிர் தன் காதலைச் சொல்லும் வேளையில் அவன் கையெழுத்தின் வளைந்த கடைசி எழுத்தை நிலா ரசிக்கிறாள். வாசகர் காதலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தடயம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். 18-ல் அறிக்கையின் நகல் அவள் கைக்கு வரும்போது அதே எழுத்துதான் அவளை உடைக்கிறது.

படி 7: உடையும் இடமும் முடிவும்

18, 19-ம் அத்தியாயங்களில், அதாவது முக்கால் பங்கில், இரண்டு இழைகளும் ஒரே நேரத்தில் அறுபட வேண்டும். நிலா கதிரை விட்டுப் போகிறாள். அதனாலேயே வில்லனுக்கு எதிரே தனியாக நிற்கிறாள். இந்த "அதனாலேயே"தான் படி 1-ன் பலன்.

கிளைமாக்ஸில் நாயகனோ நாயகியோ தன் பழைய தவறான முடிவை உடைத்தால்தான் தப்பிக்க முடியும் என்று அமையுங்கள். தீ வைத்தவனைக் கதிர் அடித்து வீழ்த்துவது சண்டைக்காட்சி மட்டுமே. தன் வேலையும் பெயரும் போகும் என்று தெரிந்தே, தான் பொய் அறிக்கை கொடுத்ததை அவன் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறான். அந்த வாக்குமூலம்தான் வழக்கைத் திறக்கிறது. ஒரே செயல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறது. மன்னிப்பு வசனத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த எடை வராது. அவன் எதையாவது இழந்தால்தான் நிலாவும் நம்புவாள், வாசகரும் நம்புவார்.

வில்லன் பிடிபட்டதும் நாவலை முடித்துவிடாதீர்கள். இன்னும் ஓர் அத்தியாயமாவது, 1,500 சொற்களுக்குக் குறையாமல், இருவருக்காக மட்டும் ஒதுக்குங்கள். அவர்கள் ஆபத்து இல்லாமலும் சேர்ந்திருக்க முடியும் என்பதை வாசகர் கண்ணால் பார்க்க வேண்டும்.

படி 8: திருத்தம்

முதல் பிரதியை இரண்டு வாரமாவது தொடாமல் வையுங்கள். பிறகு இரண்டு நிறப் பேனாக்களோடு படியுங்கள்: காதல் நகரும் பத்திக்குச் சிவப்பு, ஆபத்து நகரும் பத்திக்கு நீலம். தொடர்ந்து மூன்று அத்தியாயங்களுக்கு ஒரே நிறம் வந்தால் அங்கே ஓர் இழை செத்துக் கிடக்கிறது. இரண்டு நிறமும் ஒரே பத்தியில் விழும் இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். கடைசி ஏழு அத்தியாயங்களில் அவை அத்தியாயத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

அதன் பிறகு உங்களைப் புகழ வேண்டிய கட்டாயம் இல்லாத மூன்று பேரிடம் கொடுங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்த இடங்களில் எல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூவரின் கோடும் ஒரே பக்கத்தில் விழுந்தால், அந்தப் பக்கத்துக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் போய் அட்டவணையைப் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: தெரிய வேண்டியது வாசகருக்குத் தெரியாமல் போயிருக்கும், அல்லது சீக்கிரமே பதில் கிடைத்துவிட்டிருக்கும்.