அலுமினியக் குழாய் வெல்டிங்: விட்டுப்போவது பக்கத்து இடம்

காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டு முற்றத்துக்கு மேல் அலுமினியக் குழாயில் கூரைச் சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வெல்டிங் கோடு அழகாக விழுந்தால் போதாது. பெரும்பாலும் சுமை தாங்காமல் விட்டுப்போவது அதை ஒட்டியிருக்கும் பகுதிதான்.

6061-டி6 என்ற அலுமினியக் கலவைக்கு வலுத் தருவது உள்ளே மிகப் பொடியாகப் பரவியிருக்கும் மெக்னீசியம்-சிலிக்கன் துகள்கள். வெல்டிங் சூட்டில் அவை ஓரிடத்தில் கரையும், ஓரிடத்தில் பருத்துவிடும். சுமார் 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கிய குழாய்க்கு அந்த இடத்தில் 165 என்றே கணக்குப் போட வேண்டும். கிட்டத்தட்ட பாதி!

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையால் செய்வது) நிதானமாக நகர்வதால் சூடு அகலமாகப் பரவும். மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படுவது) வேகமாக ஓடும், வலு குறையும் பட்டை குறுகும். ஆனால் நுண்துளை விழாமல் பார்க்க வேண்டும். உலோகத்தை உருக்காமல் சுழலும் கருவியால் கிளறி இணைக்கும் உராய்வுக் கிளறல் வெல்டிங் 1991-இல் இங்கிலாந்தில் வந்தது. நம்மூர்ப் பட்டறைக்கு அது எட்டாது, விடுங்கள்.

இரு முனையும் சுவரில் சும்மா உட்காரும் குழாய் என்றால், வளைக்கும் விசை நடுவில்தான் அதிகம்; அதனால் இணைப்பை நடுவில் வைக்காமல் சுவருக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம், அனோடைஸ் (மின்சாரம் செலுத்தி மேலே ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்வதாக இருந்தால் வெல்டிங்குக்கு 4043 நிரப்புக் கம்பி வேண்டாம், கோடு கறுத்துவிடும், 5356 கேளுங்கள்.