குளிர்நாட்டில் வாழையைக் காப்பாற்றுவது எப்படி?

சிங்கப்பூர் ஈசூனில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் குளிர் என்றால் ஏர்கான்தான். மான்செஸ்டரில் இருக்கும் தங்கை, "வாழைக்கு என்னண்ணே செய்யறது?" என்று போனில் கேட்டதும், "பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுத்திடு" என்றேன். ஏப்ரலில் பிரித்தாள். குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது, சாக்கடை நாற்றம். உள்ளே வியர்த்து, அந்த ஈரத்தில் அழுகியிருக்கிறது. அதன்பிறகு படித்து, அடுத்த வருடம் செய்த முறை இது.

முதலில் ரகம். நாம் பழம் தின்னும் ரகங்கள் அங்கே வெளியில் பிழைக்காது. 'மூசா பாஸ்ஜூ' (Musa basjoo) என்ற வாழையை வாங்குங்கள். காபந்து செய்தால் அதன் கிழங்கு மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். பழம் முழுக்க விதை, தின்ன முடியாது. அழகுக்குத்தான்.

முதல் உறைபனியில் இலைகள் கருகும்வரை பொறுங்கள். அப்புறம் இலைகளைக் காம்போடு அறுத்துவிட்டு, தண்டை இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிறுத்துங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வாழைக்கறை போகாது என்று வாழைப்பூ நறுக்கியவர்களுக்குத் தெரியும்.

தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு நான்கு குச்சி நட்டு, கோழிவலையைக் கட்டுங்கள். உள்ளே காய்ந்த வைக்கோலை நிரப்புங்கள். முயல் வளர்ப்பவர்களுக்கு விற்கும் கடையில் கிடைக்கும். திணிக்கக் கூடாது, தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் தளர்வாக இருக்கட்டும். அடியில், கிழங்குக்கு மேலே, ஒரு அடி கனத்துக்குப் பரப்புங்கள். பிளாஸ்டிக் மேலே மட்டும், மழை இறங்காமல் கூரை மாதிரி. பக்கங்களை மூடாதீர்கள், காற்று போகட்டும்.

தொட்டிச் செடிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. உறைபனிக்கு முன்பே உறையாத கராஜுக்குள் வைத்து, மண் பொடியாகக் காயாத அளவுக்கு மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரி.

உறைபனி ஓய்ந்ததும் வைக்கோலை எடுத்துவிட்டு, தண்டை மேலிருந்து வில்லை வில்லையாகச் சீவுங்கள். பழுப்பு போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடலாம்; அங்கிருந்து குருத்து கிளம்பும். தரைவரைக்கும் கொழகொழவென்றிருந்தால்கூடத் தோண்டி எறிய வேண்டாம். நாம் தண்டு என்பது வெறும் இலைமட்டைச் சுருள்தான், உயிர் கிழங்கில் இருக்கிறது. தங்கையும் அந்த முதல் வருடம் மண்வெட்டியோடு போனவள்தான். வேறு வேலை வந்து விட்டுவிட்டாள். ஜூனில் போட்டோ அனுப்பினாள்: சுருட்டிய வெற்றிலை மாதிரி மூன்று பக்கக்கன்றுகள்.