பெருவிரல் எந்தப் பக்கம்? உடலமைப்பியல் சொற்கள், தொடக்கநிலையாளருக்கு

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டுத் தாதியர் பயிற்சிக்கோ மருத்துவ பீடத்துக்கோ போகிறவர்களை முதல் கிழமையிலேயே தடுக்கி விழுத்துவது இதயமோ மூளையோ அல்ல. "மீடியல்" (உடலின் நடுக்கோட்டுக்குக் கிட்ட), "லற்றறல்" (அதற்கு எட்ட) என்ற இரண்டு சொற்கள்தான். அட்டவணை போட்டுப் பாடமாக்கினால் சோதனை மட்டும் தாங்கும். கட்டிலில் ஆள் படுத்திருக்கும்போது எல்லாம் குழம்பும். இந்தச் சொற்கள் அனைத்தும் ஒரேயொரு நிலையில் நிற்கும் உடலை வைத்துச் சொல்லப்படுபவை. அந்த நிலையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தேவையானவை: மார்க்கர் பேனை, தையல்காரர் பாவிக்கும் அளவுநாடா, அவித்த பனங்கிழங்கு மூன்று, கராம்பு மூன்று, ஒரு கத்தி. தை, மாசியில் கிழங்குக்குக் குறைவில்லை. மற்றக் காலங்களில் கரட் போதும்.

படி 1: உடற்கூற்று நிலையில் நில்லுங்கள்

நிமிர்ந்து நில்லுங்கள். முகமும் பார்வையும் நேர் முன்னே. பாதங்கள் கிட்டக்கிட்ட, விரல்கள் முன்நோக்கி. கைகள் உடலின் இரு பக்கமும் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்க்க வேண்டும். அப்போது பெருவிரல்கள் உடலை விட்டு வெளிப்பக்கம் நீட்டும்.

பிழை விடுவது கடைசி வரியில்தான். பாடசாலைக் காலைக்கூட்டத்தில் நிற்பதுபோல் உள்ளங்கை தொடையைப் பார்க்க நின்றால் பெருவிரல் முன்னுக்கு வந்துவிடும். புறங்கை முன்னால் வரத் திருப்பினால் அது உடலின் பக்கம் போய்விடும். ஒரே விரலுக்கு மூன்று முகவரி! அதனால்தான் உள்ளங்கை முன்னால் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெருவிரல் எப்போதும் லற்றறல், சின்னவிரல் எப்போதும் மீடியல். நோயாளி கையை எப்படி மடக்கி வைத்திருந்தாலும் இது மாறாது.

இதைத் தொட்டே பார்க்கலாம். வலது முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கை உங்கள் முகத்தைப் பார்க்க முன்கையை நிமிர்த்துங்கள். முழங்கை முனையிலிருந்து சின்னவிரல் பக்கத்து மணிக்கட்டு வரை, தோலுக்குக் கீழேயே ஓடும் என்பு விளிம்பை இடக்கை விரலால் தடவுங்கள். அதுதான் அரந்தி. விரலை அதிலேயே வைத்துக்கொண்டு, முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அரந்தி ஏறக்குறைய அப்படியே நிற்கும். பெருவிரல் பக்கத்து ஆரை என்பு அதன் முன்னால் குறுக்கே கடந்து போகும். உடற்கூற்று நிலையில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. கையைத் திருப்பிவிட்டால் கத்தரிக்கோல்போல் குறுக்காகின்றன.

படி 2: வலம் இடம் யாருடையது?

நோயாளியுடையது. உங்களுடையது அல்ல. எதிரே நிற்பவரின் இதயம் உங்கள் வலக்கைப் பக்கம் தெரியும், ஆனாலும் அது அவரின் இடம்தான். இதயத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருக்கிறது. அதன் நுனித் துடிப்பைத் தேடுவது இடப்பக்க ஐந்தாவது விலா இடைவெளியில், காறை என்பின் நடுவிலிருந்து கீழே இறங்கும் கோட்டை ஒட்டி.

படி 3: சோடிச் சொற்கள்

சுப்பீரியர் என்றால் தலைப்பக்கம், இன்பீரியர் என்றால் பாதப்பக்கம். ஆள் படுத்திருந்தாலும் கழுத்து நெஞ்சுக்குச் சுப்பீரியர்தான். கூரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அன்ரீரியர் முன், போஸ்ரீரியர் பின். மீடியல் நடுக்கோட்டுக்குக் கிட்ட, லற்றறல் எட்ட.

அண்மை, சேய்மை எனப்படும் புறொக்சிமல், டிஸ்ரல் இரண்டும் பெரும்பாலும் கை கால்களுக்குரியவை. உடலோடு ஒட்டும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். முழங்கை மணிக்கட்டுக்குப் புறொக்சிமல். விரல் நுனி எல்லாவற்றுக்கும் டிஸ்ரல். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும் இது மாறாது என்பதுதான் இதன் வசதி.

இவை எல்லாம் ஒப்பீட்டுச் சொற்கள். "மூக்கு மீடியல்" என்று தனியே சொன்னால் பாதி வசனம்தான். "கண்ணுக்கு மீடியலாக மூக்கு" என்றால்தான் பொருள் முழுமை. கண்ணே காதுக்கு மீடியல் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

எங்கள் பேச்சுத் தமிழ் வைக்கும் கண்ணி ஒன்று உண்டு. நாம் "கை" என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை, "கால்" என்றால் இடுப்பிலிருந்து பாதம் வரை. உடலமைப்பியலில் "ஆம்" (arm) என்பது தோளிலிருந்து முழங்கை வரை மட்டும். அதற்குக் கீழே முன்கை. "லெக்" (leg) என்பது முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மட்டும். அதற்கு மேலே உள்ளது தொடை. "கால் நோகுது" என்று வந்த ஒருவரைப் பற்றி "லெக் பெயின்" என்று குறிப்பேட்டில் எழுதினால், நோ தொடையில் இருந்தாலும் வாசிப்பவர் கெண்டைக்காலைத்தான் பார்ப்பார்.

படி 4: கிழங்கை வெட்டுங்கள்

கிழங்குக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அதுதான் இங்கே பிரச்சினை. மூன்று கிழங்கிலும் மேல்நுனிக்குக் கிட்ட ஒவ்வொரு கராம்பைக் குத்தி மூக்கு வையுங்கள். இனி அது முகமுள்ள உடல்.

முதல் கிழங்கை மூக்குக்குச் சற்றே பக்கத்தால், நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுத்தும்பை எடுத்துவிடுங்கள். வலப்பாதி, இடப்பாதி கிடைக்கும். இது சஜிற்றல் வெட்டு. சரி நடுவால் போனால் மீடியன். இரண்டாவதையும் நெடுக்காகத்தான் பிளக்க வேண்டும், ஆனால் மூக்கு ஒரு பாதியில் முழுமையாக நிற்கும்படி: முன்பாதி, பின்பாதி. இது கொறோனல். மூன்றாவதைக் குறுக்கே வட்டம் வட்டமாக அரியுங்கள். இது ட்றான்ஸ்வேர்ஸ். மூக்கு இல்லாவிட்டால் முதல் இரண்டு வெட்டையும் பிரித்தறியவே முடியாது. படத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் குழம்புவதும் இந்த இடத்தில்தான்.

அரிந்த வட்டங்களை உடனே சாப்பிட்டுவிடாதீர்கள். நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, மூக்கு இருந்த பக்கம் மேலே வரப் பிடியுங்கள். சீ.ரி. ஸ்கான் படத்தின் வட்டம் இதுதான். மல்லாந்து படுத்திருப்பவரின் பாதப்பக்கம் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோலவே அந்தப் படம் காட்டப்படும். ஆகவே அவரின் வலப்பக்கம் படத்தின் இடப்பக்கத்தில் விழும். ஈரல் பெரிதாகப் படத்தின் இடப்பக்கம் தெரிவது அதனால்தான்.

படி 5: குழிகளும் வயிற்றுக் கோடுகளும்

முதுகுப்பக்கம் மண்டையோட்டுக் குழியும் முள்ளந்தண்டுக் கால்வாயும் ஒன்றோடொன்று தொடர்கின்றன. முன்பக்கம் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே பிரிமென்றகடு நிற்கிறது. அதைத் தட்டையான பலகையாக நினைக்க வேண்டாம், அது ஒரு குவிமாடம். மூச்சை முழுவதும் வெளியே விட்டால் அதன் உச்சி ஏறத்தாழ முலைக்காம்பு மட்டம் வரை ஏறும். விலாவுக்குள்ளே இருப்பதெல்லாம் நெஞ்சறை என்று எண்ணினால் ஈரலைத் தவறவிடுவீர்கள். அதன் பெரும்பகுதி வலப்பக்கக் கீழ்விலாக்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இப்போது தொப்புளுக்குள்ளால் ஒரு நெடுங்கோடு, ஒரு குறுக்குக்கோடு போடுங்கள். நான்கு கால்வட்டங்கள். வலது மேல்: ஈரல், பித்தப்பை. இடது மேல்: இரைப்பையின் பெரும்பகுதி, மண்ணீரல். வலது கீழ்: குடல்வளரி (அப்பென்டிக்ஸ்). இடது கீழ்: பெருங்குடலின் இறுதிப் பகுதிக்குச் சற்று முந்திய வளைவு. இரண்டு நெடுங்கோடு, இரண்டு குறுக்குக்கோடு போட்டு ஒன்பதாகப் பிரிக்கும் முறையும் உண்டு. தொடக்கத்துக்கு நான்கு போதும்.

குடல்வளரியின் அடி இருக்கும் இடத்தை அளந்தே பிடிக்கலாம். வலது இடுப்பில் முன்னால் கையில் முட்டும் என்பு மேட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தொப்புளுக்கு நாடா பிடியுங்கள். 15 சென்ரிமீற்றர் வந்தால், மேட்டிலிருந்து 5 சென்ரிமீற்றரில் புள்ளி வையுங்கள். அந்த மூன்றிலொரு பங்குப் புள்ளிக்கு மக்பேணியின் புள்ளி என்று பெயர். தொப்புளிலிருந்து அளந்தால் பிழைக்கும். குடல்வளரி அழற்சியில் நோ பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கிப் பிறகுதான் இங்கே இறங்கும். எனவே "எங்கே நோகுது" என்பதோடு "முதலில் எங்கே நொந்தது" என்றும் கேட்க வேண்டும். ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கையால் வயிற்றைத் தடவிக் காட்டினால் எதையும் குறிக்க முடியாது.

இன்னொன்று: நாரி நொந்தால் சிறுநீரகம் பழுது என்று ஊரில் பயப்படுவார்கள். சிறுநீரகங்கள் நாரியை விட மேலே, கடைசி விலாக்களை ஒட்டி, வயிற்றறையின் பின்சுவரோடு இருப்பவை. ஈரல் மேலிருப்பதால் வலது சிறுநீரகம் இடதை விடச் சற்றுக் கீழே.

படி 6: கலத்திலிருந்து ஆள் வரை

கலம், இழையம், அங்கம், தொகுதி, முழு உடல். இந்த வரிசை உங்களுக்குத் தெரிந்ததே. இரைப்பையை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். உள்வரி மேலணி இழையம். அதைத் தாங்குவது தொடுப்பிழையம். அதற்கு வெளியே மூன்று அடுக்குத் தசையிழையம், குடலின் மற்றப் பகுதிகளில் இரண்டு அடுக்குத்தான். அவற்றினூடே நரம்பிழையம். நான்கும் சேர்ந்து ஒரு வேலை செய்வதால் இரைப்பை அங்கம். குருதி திரவமாக இருந்தாலும் தொடுப்பிழையம் என்பது பலருக்கு மறந்துபோகும். ஓர் அங்கம் ஒரு தொகுதிக்கே சொந்தம் என்றும் இல்லை: சதையி சமிபாட்டு நொதியமும் சுரக்கிறது, குருதிக்குள் இன்சுலினும் விடுகிறது.

படி 7: எந்தத் தமிழ்?

இணையத்தில் தேடும்போது இந்தியப் பாடநூல் தமிழும் எங்கள் இலங்கைப் பாடநூல் தமிழும் கலந்து வரும். கலம் அங்கே செல், இழையம் திசு, சதையி கணையம், களம் உணவுக்குழாய். இவை தொல்லை தராது. தொல்லை நாளத்தில். எங்கள் நூல்களில் நாடி என்றால் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோவது, நாளம் என்றால் இதயத்துக்குக் கொண்டுவருவது. அங்கே அவை தமனி, சிரை. "இரத்த நாளம்" என்றால் அங்கே எந்தக் குருதிக்குழாயும் ஆகலாம், "நாளமில்லாச் சுரப்பி"யில் நாளம் கானை, அதாவது சுரப்பைக் கொண்டுபோகும் குழாயைக் குறிக்கும். ஒரு குறிப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்தில் உடலமைப்பியலுக்கே "அங்காதிபாதம்" என்றுதான் பெயர். சொற்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன.

பயிற்சி

"கையில் மணிக்கட்டுக்கு மேலே, பெருவிரல் பக்கம், உள்ளங்கைப் பக்கமாக ஒரு வெட்டு" என்பதை முறையாக எழுதுங்கள். எழுதிய பின் கீழே பாருங்கள்.

வலது முன்கையின் அன்ரீரியர் பக்கம், மணிக்கட்டு மடிப்புக்கு 4 சென்ரிமீற்றர் புறொக்சிமலாக, லற்றறல் விளிம்பை ஒட்டி, 3 சென்ரிமீற்றர் நீளக் குறுக்கு வெட்டு.

"மேலே" என்பதற்குச் சுப்பீரியர் என்று எழுதியிருந்தால் படி 3 இன் இரண்டாம் பந்திக்குத் திரும்புங்கள். வலமா இடமா, எத்தனை சென்ரிமீற்றர், வெட்டு எந்தப் போக்கில் என்று கேள்வியில் சொல்லப்படவில்லையே என்று எழுதுமுன் நிறுத்தியிருந்தீர்களானால், நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.