ஒயினுக்குத் திராட்சையைக் காம்பிலிருந்து உதிர்ப்பது எப்படி?

முருங்கைக்கீரை உருவத் தெரிந்தவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். கேப் டவுனில் தைப்பூசக் காவடி முடிந்ததும் ஸ்டெல்லன்போஷ் பக்கம் போய் இரண்டு கிரேட் (பெட்டி) பினோட்டாஜ் திராட்சை வாங்கி வருவது என் வழக்கம். 1925இல் அதே ஊரில் பெரோல்ட் என்ற பேராசிரியர் பினோ நுவார், சின்ஸோ என்ற இரண்டு திராட்சை ரகங்களைக் கலந்து உண்டாக்கிய ரகம் அது, நம்மூர்ப் பிள்ளை என்று ஒரு பாசம்.

முதல் வருஷம் சோம்பேறித்தனத்தில் குலையோடு நசுக்கிப் போட்டேன். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி துவர்ப்பு, நாக்கு ஒட்டிக்கொண்டது. பச்சைக் காம்பு செய்கிற வேலை அது.

சரி, ஆரம்பிப்போம். திராட்சையைக் கழுவ வேண்டாம், தண்ணீர் சேர்ந்தால் சாறு நீர்த்துப் போகும். கையையும் வாளியையும் மட்டும் நன்றாகக் கழுவுங்கள். வெயில் ஏறுமுன் நிழலில் உட்கார்ந்து, அழுகியதையும் பூஞ்சை பிடித்ததையும் முதலில் எடுத்து எறியுங்கள்.

அடுத்து, அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கிரேட்டை அகலமான டப்பின் மேல் வையுங்கள். ஒரு பழம் நெருக்கிக்கொண்டு நுழையும் அளவு ஓட்டை போதும். ஐந்தாறு குலையைப் போட்டு உள்ளங்கையால் வட்டமாக மெல்லத் தேய்த்தால் பழம் கீழே விழும், காம்பு மேலே தங்கும். அழுத்தித் தேய்த்தால் காம்பு துண்டு துண்டாக ஒடிந்து அதுவும் விழும், அப்புறம் பொறுக்கியே இடுப்பு ஒடியும். கிரேட் இல்லையா? குலையின் தலையைப் பிடித்துக்கொண்டு விரலால் கீழ்நோக்கி உருவுங்கள். நன்றாகப் பழுத்தது சும்மா தொட்டாலே கழன்று, காம்பு நுனியில் சிவந்த சின்ன நார் மட்டும் நிற்கும். இழுத்தும் வராமல் சதையோடு பிய்ந்தால் அது காய், தள்ளிவிடுங்கள்.

பழுப்பேறிய காம்பு ஒன்றிரண்டு கிடந்தால் குடி முழுகிவிடாது, பச்சையைத்தான் விடக்கூடாது.

உதிர்த்ததைக் கையாலேயே நசுக்குங்கள். மிக்சி வேண்டவே வேண்டாம், விதை உடைந்தால் கசக்கும். வாளியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள், நொதிக்கும்போது தோலெல்லாம் மேலே எழும்பி வழியும். வெள்ளை ஒயினுக்கு இவ்வளவு பாடு இல்லை, பலர் குலையோடே பிழிகிறார்கள், நடுவில் கிடக்கும் காம்பு சாறு வடிய வழிவிடும்.

மிஞ்சிய காம்பெல்லாம் எங்கள் வீட்டில் கறிவேப்பிலைச் செடியடிக்குப் போய்விடும்.