அஞ்சில் மூன்று, பாதிதானே அத்தான்?

சுவிஸுக்கு வந்த புதிதில் செய்ய வேண்டியவற்றை யாராவது ஒருவர் சொல்லித் தந்துவிடுவார். 14 நாளுக்குள் கெமைண்டேயில் (உள்ளூராட்சி அலுவலகம்) பதிவு, 3 மாதத்துக்குள் மருத்துவக் காப்புறுதி, அப்புறம் ஹால்ப்டாக்ஸ் என்னும் பாதிக் கட்டணப் பயண அட்டை. அதையெல்லாம் நான் திரும்ப எழுதப் போவதில்லை. குளிர்காலத்தில் மலைக்குப் போவது பற்றித்தான் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஜனவரி வந்தால் போதும், ஸ்னோஷூவை (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலச் சட்டம்) வாடகைக்கு எடுத்துக்கொண்டு படம் பிடிக்கக் கிளம்பிவிடுகிறோம். அப்படிப் போய்ப் பனிச்சரிவில் மாட்டியவர் என் மனைவியின் தம்பி.

அவர் ஒன்றும் பார்க்காமல் போனார் என்று நினைக்காதீர்கள். டாவோஸில் இருக்கும் எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு புல்லட்டின் வெளியிடும், காலை 8 மணிக்குப் புதுப்பிக்கும். 'வைட் ரிஸ்க்' செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். அவரும் பார்த்தார். வரைபடத்தில் அந்த இடம் செம்மஞ்சள் நிறம், நிலை 3. மொத்தம் 5 ஆபத்து நிலை. "அஞ்சில் மூன்று, பாதிதானே அத்தான்?" என்று பிறகு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னிடமே கேட்டார். கோபத்தில் எனக்குப் பதில் வரவில்லை.

அந்த அளவுகோலைப் பரீட்சைப் புள்ளி மாதிரி வாசிக்கக் கூடாது. ஒரு நிலை கூடும்போது ஆபத்து ஒரு படி மட்டும் ஏறுவதில்லை, பல மடங்காகிறது. நிலை 5 மிக அரிது. அது வந்தால் சாலையையே மூடிவிடுவார்கள், யாரும் மலைக்குப் போக மாட்டார்கள். 3 வரும் நாளிலோ வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், புதுப்பனி மின்னும், எல்லாரும் கிளம்புவார்கள். இந்த நாட்டில் பனிச்சரிவில் சாகிறவர்களில் பாதிப் பேர் அளவுக்கு நிலை 3 நாளில்தான் போகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பனிச்சரிவை இறக்கிவிடுவது மாட்டியவரே, இல்லையென்றால் கூட வந்தவர்.

நிலை 3 நாளில் அனுபவம் இல்லாதவர்களுக்கு அதிகாரபூர்வ அறிவுரை ஒன்றுதான்: திறந்து வைத்திருக்கும் பாதையை விட்டு வெளியே போகாதே. நம் ஆட்களில் பெரும்பாலோர் இந்த வரி வரைக்கும் வாசிப்பதில்லை. எண்ணைப் பார்த்ததும் போனை மூடிவிடுகிறார்கள். எந்தத் திசை பார்த்த மலைச்சரிவு, எத்தனை மீட்டருக்கு மேல், எந்த வகைப் பனி என்று கீழே எழுதியிருப்பதுதான் முக்கியம்.

தம்பியும் கூட வந்த இரண்டு பேரும் போனது கிரவுபுண்டன் மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கு. ஏற்றமே இல்லை, தட்டையான தரை. முதல் நாள் யாரோ நடந்த தடம் இருந்தது, அதிலேயே போனார்கள். நாலு பேர் போன வழியில் போனால் பயமில்லை என்று ஊரில் பழகியது இங்கே உதவாது. நேற்று நடந்தவனைத் தாங்கிய பனி இன்று உங்களைத் தாங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. சில குளிர்காலங்களில் அடியில் பழைய பனி சீனி போலப் பிடிப்பில்லாமல் உதிர்ந்து கிடக்கும், மேலே புதுப்பனி கெட்டிப் பலகையாக உட்கார்ந்திருக்கும். காலுக்குக் கீழே 'வும்' என்று ஒரு சத்தம் வந்து பனி சற்று அமுங்கினால், அடியிலுள்ள படலம் உடைகிறது என்று அர்த்தம். அந்த உடைவு தட்டைத் தரை வழியாகவே ஓடி, பக்கத்திலுள்ள செங்குத்துச் சரிவை எட்டிவிடும். கீழே நிற்கிறவர் தலையில் மேலே உள்ளது வரும்.

அவர்களுக்கும் அப்படித்தான் வந்தது. இரண்டு பேர் ஓரத்தில் தப்பினார்கள். தம்பி இடுப்பு வரை புதைந்தார், முழங்கால் தசைநார் கிழிந்தது. மண்வெட்டி யாரிடமும் இல்லை. கையாலும் ஸ்னோஷூவாலும் தோண்டினார்கள். தலையும் மூழ்கியிருந்தால் தேடிக் கண்டுபிடிக்கவே வழியில்லை. முதல் 10 நிமிடம் போலத்தான் பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கும், அதன் பிறகு மூச்சுத் திணறி மளமளவென்று குறையும். ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் அது முடிந்துவிடும். அதனால்தான் பாதையை விட்டு வெளியே போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்க வேண்டும்: எல்விஎஸ் கருவி (புதைந்தவரைச் சிக்னலால் கண்டுபிடிப்பது), தேடும் கம்பி, மண்வெட்டி. ஒருவரிடம் மட்டும் இருந்து பயனில்லை, அவரே புதைந்துவிடலாம். கருவியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தால் சிக்னல் குழம்பும். வாங்கிப் பையில் போட்டால் மட்டும் போதாது, பழக வேண்டும். சுவிஸ் அல்பைன் கழகத்தின் கிளைகள் ஆரம்பப் பயிற்சி நடத்துகின்றன. பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும், பரவாயில்லை, போங்கள்.

உதவிக்கு, ஹெலிகாப்டர் மீட்புச் சேவையான ரெகாவின் தொலைபேசி எண் 1414. வாலிஸ் மாநிலத்தில் 144.

காப்புறுதிக் கதை வேறு. வேலையில் இருப்பவருக்கு (வாரம் 8 மணி நேரமாவது ஒரே முதலாளியிடம்) வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்பு உண்டு. வைத்தியச் செலவு கொடுத்தார்கள். பிறகு ஒரு படிவம் வந்தது: அன்று எந்த நிலை, யாரிடம் கேட்டீர்கள், என்ன கருவி வைத்திருந்தீர்கள். தெரிந்தே ஆபத்தில் இறங்கியதாகக் கருதினால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குத் தரும் நாளாந்தக் கொடுப்பனவைப் பாதியாகக் குறைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. குறைத்துவிட்டார்கள். 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம், எழுதியிருக்கிறோம். அந்தக் கடிதத்தில் 'நடுத்தர ஆபத்து என்று நினைத்தேன்' என்று எழுத வேண்டாம் என்று அவரைத் தடுக்க நான் பட்ட பாடு தனி.

இந்த நாட்டுக்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1951 குளிர்காலத்தில் 98 பேரைப் பனிச்சரிவில் பறிகொடுத்தவர்கள். பிறகு மலைக்கு மலை இரும்புத் தடுப்புகள் நட்டார்கள். பனிச்சரிவைக் கையாளும் இவர்களுடைய அறிவை 2018இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலேயே சேர்த்தது. ஆனால் அந்தத் தடுப்பெல்லாம் ஊருக்கும் சாலைக்கும் ரெயிலுக்கும். நீங்கள் படம் எடுக்கப் போகும் காட்டு வழிக்கு இல்லை.

மஞ்சள் வழிகாட்டிப் பலகையையும் நம்பாதீர்கள். அது கோடைப் பாதைக்கு உரியது, குளிர்காலத்திலும் கழற்ற மாட்டார்கள். குளிர்கால நடைபாதைக்கும் ஸ்னோஷூ பாதைக்கும் பலகை இளஞ்சிவப்பு. தனியாக வழி தேடுபவர் அரசின் சுவிஸ்டோப்போ வரைபடத்தில் சரிவுக் கோணப் படலத்தைப் போட்டுப் பாருங்கள், 30 பாகைக்கு மேலுள்ள இடமெல்லாம் நிறத்தில் தெரியும். நீங்கள் நடக்கும் கோட்டை மட்டும் பார்க்காமல் அதற்கு மேலே என்ன நிறம் என்றும் பாருங்கள்.

குடும்பத்தோடு போக மென்லிஹனிலிருந்து கிளைனே ஷைடெக் வரை உள்ள குளிர்கால நடைபாதை நல்லது. ஐகர் மலை முகத்துக்கு நேரே நிற்கும், குழந்தைகளும் நடப்பார்கள். சில நாளில் அதையும் மூடுவார்கள். குறுக்கே கயிறோ பலகையோ இருந்தால் தாண்டாமல் வந்த வழியே திரும்புங்கள்.